கண்மாய் உள்வாயில் கவுதாரி

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் விரிந்து கிடக்கும் கரிசல் நிலத்தை வறண்ட பிரதேசம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாமல் பெய்துவிட்டால், ஊருக்கு ஒன்றாக அமைந்திருக்கும் கண்மாய்கள் அடுத்தடுத்து நிரம்பி, கலுங்கின் வழியே ஒன்றின் மிகுநீர் மற்றொன்றில் போய்ச் சேர்ந்து, குண்டாற்றின் இரு புறமும் சில மாத காலத்துக்கு ஒரு சதுப்பு நாடே தோன்றிவிடுகிறது. தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் இந்த நீர் நாளுக்கு நாள் கரையோரத்துப் பள்ளத்தை நோக்கி ஒதுங்கும். அது விட்டுச் சென்ற ஈரமான உள்வாயில் கோரையும் அறுகும் பெயர் தெரியாத பல புல்வகைகளும் முளைத்து முழங்கால் அளவுக்கு உயரும். மடைக்கு அருகே சேறு காயாத இடங்களில் சம்பங்கோரை அடர்ந்து நிற்கும். பறவை பார்ப்பதற்கென்று இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் நீரின் விளிம்பில் நிற்கும் நாரையையும் கொக்கையும் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் நடந்துபோன புல்லுக்குள், காலடிக்கு இரண்டு முழத் தொலைவில், மூச்சும் தெரியாமல் படுத்திருந்த வேறொரு வகைப் பறவைகள் அவர்கள் கண்ணில் படுவதேயில்லை. கவுதாரியும் காடையும் பெண்மயிலும் அந்த உள்வாய்க்கு வருவது நீரை முன்னிட்டு அன்று. நீர் வளர்த்துவிட்டுப் போன புல்லை முன்னிட்டு.

இம்மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் வீட்டுக் கோழியையும் உள்ளடக்கிய அந்தக் குடும்பத்துக்கு விலங்கியலார் ஃபாஸியானிடே என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதற்குத் தலைமகனாக வைத்து எண்ணப்படுகிற ஃபெஸன்ட் என்னும் பறவை, கருங்கடலுக்குக் கிழக்கே, இன்று ஜார்ஜியா என வழங்கும் நாட்டின் ஆற்றங்கரைப் புதர்களிலிருந்து தொடங்கி, மத்திய ஆசியாவின் நாணற்காடுகள் வழியாகச் சீனத்தின் நெல்வயல் ஓரங்கள் வரை இயற்கையாகப் பரவியிருப்பது. வேட்டைப் பிரியர்கள் அதை ஐரோப்பா முழுவதும் கொண்டுபோய் விட்டார்கள். அமெரிக்காவுக்கு அது போய்ச் சேர்ந்த வரலாறு விசேஷமானது: ஷாங்காய் நகரில் அமெரிக்கக் கான்சல் ஜெனரலாக இருந்த ஓவன் டென்னி என்பவர் 1881-ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் கப்பலேற்றி அனுப்பிய சில பறவைகள் ஆரிகன் மாகாணத்தில் பெருகி, பத்தே ஆண்டுகளுக்குப் பின்னர் அங்கே வேட்டையை அனுமதிக்கும் அளவுக்கு வயல்களை நிறைத்துவிட்டன. அந்த நாட்டின் வடபகுதிகளில் பனிக்காலம் வந்து தானிய வயல்கள் வெள்ளையாக மூடப்பட்டதும், ஃபெஸன்ட்கள் கூட்டம் கூட்டமாகச் சதுப்பு நிலத்துச் சம்பங்கோரைக்குள் புகுந்து காற்றிலிருந்தும் கடுங்குளிரிலிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளும். அப்போது நீர் உறைந்து கெட்டியாகியிருப்பதால் வேட்டைக்காரர்கள் அதன்மேல் நடந்தே கோரைக்குள் நுழைவார்கள், மோப்ப நாய் முன்னே சென்று பறவை ஒளிந்திருக்கும் புதரைக் காட்டும், பறவை சிறகடித்துக் கிளம்பும், துப்பாக்கி வெடிக்கும். சதுப்பு நிலத்தில் ஃபெஸன்ட் வேட்டை என்று மேனாட்டார் வர்ணிப்பது இதையே.

நம் கண்மாயில் பருவம் தலைகீழ். அங்கே குளிர் விரட்டுகிறது, இங்கே வெயில் விரட்டுகிறது. மாசி மாதத்தில் கம்பும் சோளமும் அறுவடையாகி, மல்லியும் உளுந்தும் பிடுங்கப்பட்டு, கரிசல் காடு வெடித்துக் கிடக்கும்போது, பச்சையும் நிழலும் மிஞ்சியிருக்கும் ஒரே இடம் கண்மாயின் உள்வாய்தான். ஆயினும் இரண்டு தேசங்களிலும் நடப்பது ஒன்றே: திறந்த வயலில் மேய்ந்து திரிந்த பறவை, வயல் வெறுமையான காலத்தில் ஈரநிலத்து மறைவிடத்தில் அடைக்கலம் புகுகிறது, அதை அறிந்த மனிதன் அங்கே வந்து காத்திருக்கிறான். இந்தப் பறவைகளின் சரீரம் முழுவதும் மறைவிடத்தை நம்பியே உருவாகியிருக்கிறது என்பதையும், நம் பக்கத்து வேட்டைக்காரர்களின் வித்தை முழுவதும் அந்தச் சரீரத்தின் இயல்பை அறிந்ததிலிருந்து பிறந்தது என்பதையும், ஆகவே கண்ணி வைப்பதை மட்டும் தடுத்துவிட்டுப் புல்லை அழிய விட்டால் பறவை தங்காது என்பதையுமே இங்கே விளக்க முற்படுகிறேன்.

முதலில் சரீரத்தைப் பார்ப்போம். கவுதாரி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமும் கால் கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடையும் உள்ள பறவை. 1789-ஆம் ஆண்டில் ஜெர்மானிய இயற்கை நூலாரான மெலின் அதற்கு விஞ்ஞானப் பெயர் இட்டபோது, பறவை கிடைத்த இடமான புதுச்சேரியின் பெயரையே அதற்குச் சூட்டினார். உலகம் முழுவதும் அது இன்றும் அப்பெயராலேயே அறியப்படுகிறது. அதன் சிறகு குட்டையானது, நுனி வட்டமானது, நன்றாக வளைந்தது. உடல் எடையோடு ஒப்பிட்டால் அந்தச் சிறகின் பரப்பு மிகவும் சிறிது. இப்படிப்பட்ட சிறகைக்கொண்டு காற்றில் நெடுநேரம் மிதக்க இயலாது. ஆனால் நின்ற இடத்திலிருந்து நேர் மேலே எழும்புவதற்கு இதைவிடப் பொருத்தமான சிறகு இல்லை. நெருங்கிய புதருக்குள் நீண்ட சிறகை விரித்து அடிக்க முடியாதல்லவா? குட்டைச் சிறகு கோரைத் தட்டைகளில் சிக்காமல் அடிக்கும்.

அந்தச் சிறகை இயக்கும் மார்புத் தசை இக்குடும்பத்துப் பறவைகளில் உடல் எடையில் கால் பங்கு வரை இருக்கும். கோழியை அறுத்துப் பழகியவர்களுக்கு அதன் மார்புக்கறி வெளுத்தும் தொடைக்கறி கறுத்தும் இருப்பது தெரிந்த விஷயம். ஏன் அப்படி இருக்கிறது என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. ஓயாது உழைக்கும் தசைக்கு இடைவிடாமல் பிராணவாயு வேண்டும். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சிவப்பு நிறப் புரதம் மயோகுளோபின் எனப்படும். நாள் முழுவதும் நடக்கும் பறவையின் தொடையில் அது நிறைந்திருப்பதால் அங்கே கறி கறுப்பு. மார்புத் தசையோ எப்போதோ ஒரு முறை, சில விநாடிகள் மட்டுமே வேலை செய்வது. அது பிராணவாயுவுக்காகக் காத்திருப்பதில்லை; தன்னுள் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்னும் மாவுப்பொருளை அந்த க்ஷணத்திலேயே உடைத்து, அதில் கிடைக்கும் சக்தி முழுவதையும் ஒரே மூச்சில் செலவிட்டுவிடுகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த சீனக் காடையை வைத்துச் செய்த அளவீடுகளில், எழும்பும் தருணத்தில் அதன் மார்புத் தசை ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 350 வாட் என்ற விகிதத்தில் ஆற்றலை வெளிப்படுத்துவது தெரியவந்தது. முதுகெலும்புள்ள பிராணிகளின் தசைகளில் அளந்தறியப்பட்ட மிக உயர்ந்த அளவுகளில் இதுவும் ஒன்று. உருவம் சிறுக்கச் சிறுக்கச் சிறகடிப்பு வேகமாகும்: சீனக் காடை விநாடிக்கு 23 தடவை அடிக்கும்போது ஃபெஸன்ட் 11 தடவை அடிக்கிறது, வான்கோழிக்கு எட்டும் தேறாது. காலடியில் கவுதாரி எழும்பும்போது நம்மைத் திடுக்கிட வைக்கும் அந்தப் படபடப்பு, சிவகாசி வாணம் தரையை விட்டுக் கிளம்பும் ஓசையைப் போலச் சட்டென்று பிறந்து சட்டென்று அடங்குவதன் காரணம் இதுதான்.

ஆனால் இந்த வீரியத்துக்கு ஒரு விலை உண்டு. பிராணவாயு இல்லாமல் எரிந்த மாவுப்பொருள் தசையில் லாக்டிக் அமிலத்தை மிஞ்ச வைக்கிறது, சேமிப்பும் தீர்ந்துவிடுகிறது. சிறிது தூரம் வேகமாகச் சிறகடித்து, பிறகு சிறகை விரித்து வழுக்கிக்கொண்டே போய், அடுத்த புதரில் இறங்கிவிடும் கவுதாரியை உடனே மறுபடியும் எழுப்பினால், முன்னைவிடக் குறைந்த தூரமே பறக்கும். மூன்றாம் தடவை எழுப்பினால் பறப்பதை விட்டு ஓடுவதிலேயே கருத்தாக இருக்கும். ஆகவே இந்தப் பறவைக்கு முதல் பாய்ச்சல் போய் விழும் தொலைவுக்குள் இன்னொரு மறைவிடம் இருந்தே ஆக வேண்டும். ஒரு கோரைப் பத்தைக்கும் அடுத்த கோரைப் பத்தைக்கும் இடையே உள்ள வெட்டவெளி அந்தத் தொலைவைக் கடந்து நீண்டுவிட்டால், அங்கே கவுதாரி வாழாது. கண்மாயைப் பார்க்கும் கண்ணோட்டமே இதனால் மாறுகிறது: எத்தனை ஏக்கர் புல் என்பதைக் காட்டிலும், புல் எப்படித் துண்டுபட்டுக் கிடக்கிறது என்பது முக்கியமாகிவிடுகிறது.

பறப்பது கடைசி உபாயம். ஓடுவது அதற்கு முந்தியது. எல்லாவற்றுக்கும் முந்தியது அசையாமல் இருப்பது. கவுதாரியின் முதுகில் பழுப்பும் வெளுப்பும் கறுப்புமாக ஓடும் குறுக்குக் கோடுகள், காய்ந்த புல்லின் தண்டும் அதன் நிழலும் சேர்ந்து உண்டாக்கும் கோலத்தோடு முற்றிலும் கலந்துவிடுபவை. நிறம் மட்டும் போதாது. அசைவு ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும். வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில், இக்குடும்பத்தின் உறவான வில்லோ டார்மிகன் பறவை முட்டைமேல் அமர்ந்திருந்த வேளையில் அதன் இதயத் துடிப்பை நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கருவி வைத்து அளந்தார்கள். மனிதன் நெருங்கி வரும்போது அதன் நெஞ்சு பதறித் துடிக்கும் என்றே நாம் எதிர்பார்ப்போம், மாறாக, துடிப்பு வெகுவாகக் குறைந்தது, சுவாசமும் மெல்லடங்கியது. பயத்தின் உச்சத்தில் உடலே தன் ஓசையையும் அசைவையும் அடக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு தீர்ந்ததில்லை.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. விருதுநகர் மாவட்டம் நாய்களுக்குப் பேர்போனது. இராஜபாளையம் நாயை அறியாதவர் இல்லை. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய வேட்டை நாய்களும் இந்தச் சுற்றுவட்டாரத்தவையே. ஆனால் ஒடுங்கிய முகமும் நீண்ட காலும் கொண்ட சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு துரத்தும் நாய்கள். வெட்டவெளியில் ஓடும் முயலைப் பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. ஓடாமல் படுத்துவிடும் பறவையின்முன் கண்ணை நம்பும் நாய் என்ன செய்யும்? மேனாட்டு வேட்டைக்காரனுக்கு மோப்ப நாய் செய்துகொடுத்த வேலையை இங்கே செய்து கொடுக்க நாய் இல்லை. ஆகவே நம்மவர்கள் பறவையைத் தேடிப் போகும் முறையை விட்டு, பறவையைத் தம்மிடம் வரவழைக்கும் முறையை வளர்த்துக்கொண்டார்கள். நாயில்லாக் குறையைக் காது நிறைவு செய்தது.

கவுதாரியின் குரலைக் கேட்டவர்களுக்கு அது மறக்காது. விடியலில் முதலில் ஓரிரு தனிச் சொற்களாகத் தொடங்கி, பிறகு மூன்று அசைகளாக ஏறி ஏறி ஒலித்து, கண்மாயின் ஒரு மூலையில் எழுந்த குரலுக்கு மறு மூலையிலிருந்து பதில் வர, சில நிமிஷங்களில் உள்வாய் முழுவதும் கணீரென்று அதிரும். இரவு முழுவதும் வெப்பத்தை இழந்து தரை குளிர்ந்து கிடப்பதால், விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ச்சியாகவும் மேலே உள்ள காற்று வெப்பமாகவும் இருக்கும். அந்நிலையில் மேலே செல்லும் ஒலி வளைந்து மீண்டும் தரைக்கே திரும்புகிறது. காற்றின் அலைச்சலும் அப்போது இல்லை. நண்பகலில் சிறிது தொலைவிலேயே கரைந்துவிடும் குரல் விடியலில் நெடுந்தூரம் போவது இவ்வாறுதான். அந்தக் குரலின் பொருள், ‘இந்த இடம் என்னுடையது’ என்பது. இணையோடு வாழும் கவுதாரி தன் எல்லைக்குள் வேறொரு கவுதாரியின் குரலைச் சகித்துக்கொள்வதில்லை; குரல் வந்த திசையை நோக்கிக் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவரும்.

இந்தச் சுபாவமே கண்ணிக்காரனின் மூலதனம். குஞ்சிலிருந்தே எடுத்து வளர்த்துப் பழக்கிய ஒரு கவுதாரியைச் சிறு கூண்டில் இட்டுத் துணியால் மூடி, இருள் பிரியுமுன் கொண்டுவந்து, பறவை நடக்கும் தடம் பார்த்து ஒரு புதரின் அருகே வைத்துத் துணியை விலக்கினால், விடியலைக் கண்டதும் அது கூவும். அதற்குப் பார்வைப் பறவை என்று பெயர். கூண்டைச் சுற்றிலும் புல்லோடு புல்லாகக் கண்ணி நட்டிருக்கும். அந்தக் காலத்தில் குதிரைவால் மயிரை முறுக்கிச் செய்தது, பிற்பாடு நைலான் நரம்பு. தன் எல்லையில் அந்நியனொருவன் கூவுவதாக எண்ணிச் சினந்து வரும் காட்டுக் கவுதாரியின் கண் முழுவதும் கூண்டின்மேல் இருக்குமே அல்லாது காலின்கீழ் இராது. இன்றைய பறவையியல் ஆய்வாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியில் ஒரு பறவையின் குரலை ஒலிக்கவிட்டு, மறைந்திருக்கும் பறவைகள் எத்தனை பதில் குரல் கொடுக்கின்றன என்று எண்ணிக் கணக்கெடுக்கிறார்கள். தத்துவம் ஒன்றுதான். நூலறிவு இல்லாதவர்கள் என்று நாம் ஒதுக்கிவைத்த நரிக்குறவர் முதலான வேட்டைத்தொழில் மக்கள், பறவையின் எல்லைப் பற்று, குரல் செல்லும் வேளை, அது ஓடும் தடம், இளைப்பாறும் நிழல் ஆகிய இத்தனையையும் அனுபவத்தால் கற்றுத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தார்கள் என்பதை மரியாதையோடு நினைக்க வேண்டும்.

காடையின் விஷயம் கொஞ்சம் வேறு. பழந்தமிழர் குறும்பூழ் என்று அழைத்த இப்பறவையைப் பிடித்துப் போருக்கு விட்டு வேடிக்கை பார்த்த வழக்கம் கலித்தொகைக் காலத்திலேயே மருதநிலத்து ஊர்களில் இருந்தது. நம் கரிசலில் மழையை ஒட்டிப் பெருகும் காடைக்கு ஆணின் மார்பில் கறுப்புத் திட்டு அடையாளம். அதன் விஞ்ஞானப் பெயரில் சோழமண்டலக் கரையின் பெயர் இருக்கிறது. இன்னொரு காடை, பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வலசை வருவது. கவுதாரியின் குடும்பமேயானாலும் இந்த வலசைக் காடைக்குச் சிறகு நீண்டு கூர்மையாகவும், மார்புத் தசை சிவந்தும் இருக்கின்றது. நெடுந்தூரம் பறந்தே தீரவேண்டிய உயிருக்கு, க்ஷண வேகத் தசை உதவாது அல்லவா? மேலுக்குக் காடையைப் போலவே இருந்து, காலில் பின்விரல் இல்லாமல் மூன்று விரல்களே உடைய இன்னொரு சிறு பறவையும் அதே புல்லில் உண்டு. அது இக்குடும்பமே அன்று. கடற்காகங்களுக்கும் உள்ளான்களுக்கும் உறவு. அதில் பெண்ணே பெரியது, நிறம் மிக்கது, எல்லைக்காகப் போரிடுவது. முட்டையிட்டுவிட்டு அது வேறு துணை தேடிப் போய்விட, ஆணே அடைகாத்துக் குஞ்சுகளைக் காப்பாற்றுகிறது. முற்றிலும் வேறுபட்ட மரபிலிருந்து வந்த உயிரும் இதே புல்லில் வாழப் புகுந்ததும் இதே உருவத்தையும் நிறத்தையும் எய்திவிட்டது என்பதைவிட, மறைவிடத்தின் ஆட்சிக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

துப்பாக்கி வந்தபின் வேட்டையின் அளவு மாறியது. பின்னாளில் காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களில் முதல்வராக விளங்கிய ஆலன் ஆக்டேவியன் ஹியூம், மார்ஷல் என்பவருடன் சேர்ந்து 1879 முதல் 1881 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட இந்திய வேட்டைப் பறவைகள் பற்றிய நூல், இந்தத் தேசத்துக் கவுதாரி, காடை இனங்களைப் பற்றிய விரிவான செய்திகளை ஒருங்கு திரட்டித் தந்தது. அந்தச் செய்திகளுள் பெரும்பகுதி துப்பாக்கி பிடித்தவர்கள் எழுதி அனுப்பியவை. சுதந்திரத்துக்குப் பிறகும் வேட்டை தொடர்ந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமுங்கூட ஆரம்பத்தில் உரிமம் பெற்று வேட்டையாட இடம் வைத்திருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாயிலை அடைத்துவிட்டது. இன்று கவுதாரியையோ காட்டுக் காடையையோ சுடுவது மட்டுமன்று, கண்ணியிட்டுப் பிடிப்பதும், முட்டையை எடுப்பதும், கூட்டைக் கலைப்பதும் சட்டத்தின் கண்ணில் வேட்டையே. 1963-இல் தேசியப் பறவையாக ஏற்கப்பட்ட மயிலுக்கோ அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம். இந்தத் தடையை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். காடைக் கறியில் விருப்பமுள்ளவர்களுக்குப் பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை தாராளமாகக் கிடைக்கிறது. சென்னை நந்தனத்துக் கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட நந்தனம் காடையைத் தமிழ்நாட்டுப் பண்ணைக்காரர் பலர் வளர்க்கிறார்கள். காட்டிலிருந்து ஒன்றைப் பிடித்து வந்து தின்ன வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

ஆனால் சட்டம் கையைத் தடுக்கும். பறவைக்கு இரை ஊட்டாது. இதை உலகத்துக்குத் தெளிவாக்கியது இங்கிலாந்தின் ஸஸெக்ஸ் வட்டாரத்தில் 1960-களின் இறுதியில் டிக் பாட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் தொடங்கிய நெடுங்கால ஆய்வு. கவுதாரியின் குடும்பத்தையே சேர்ந்த சாம்பல் பார்ட்ரிட்ஜ் அந்த நாட்டு வயல்களில் ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் இருந்தது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின்னர் வேகமாக அருகத் தொடங்கியது. துப்பாக்கியையும் நரியையும் பலர் குற்றம் சாட்டினார்கள். பாட்ஸ் கண்டறிந்ததோ வேறு: களைக்கொல்லி. இக்குடும்பத்துக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்திலேயே தாயின் பின்னே நடந்து, தாமே பொறுக்கித் தின்னத் தொடங்குகின்றன. ஆனால் முதல் இரண்டு வார காலத்துக்குத் தானியம் அவற்றுக்கு உதவாது. சிறகும் தசையும் வளரப் புரதம் வேண்டும். அதற்குப் பூச்சி வேண்டும். பூச்சிக்குக் களைச்செடி வேண்டும். மருந்தடித்துக் களையை ஒழித்த வயலில் பூச்சி இல்லை. பூச்சி இல்லாத வயலில் குஞ்சு பட்டினியால் மடிந்தது. இங்கிலாந்தில் அந்தப் பறவையின் தொகை ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அழிந்துபோனது யாரும் சுட்டதால் அன்று.

நம் கவுதாரி ஏறத்தாழ ஆண்டு முழுவதும் கூடு வைப்பதானாலும், பங்குனிக்குப் பின் வரும் கோடை மாதங்களில் அது மிகுதி. தரையில் ஒரு சிறு பள்ளத்தில், புல் மறைப்பில், நான்கு முதல் எட்டு முட்டை வரை இட்டு, பதினெட்டு பத்தொன்பது நாள் அடைகாக்கும். அந்தக் குஞ்சுகளின் முதல் இரண்டு வார உணவு கரையானும் சிற்றெறும்பும் தத்துக்கிளிக் குஞ்சும். இவையெல்லாம் கோடையிலும் கிடைக்கும் இடம் கண்மாய் உள்வாயும் அதை ஒட்டிய வரப்புகளும் வரத்துக்கால் ஓரங்களுமே. குஞ்சு ஒன்று கண்மாய்க் கரையின் சரிவில் ஏறுவதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். இன்னும் பறக்கத் தெரியாத, பாதி முளைத்த சிறகை அடித்துக்கொண்டே அது மேலே ஓடும். மலைப்பிரதேசக் கவுதாரியான சுக்கார் இனத்துக் குஞ்சுகளில் இந்தச் செயலை ஆராய்ந்த கென் டயல் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, சிறகடிப்பினால் உடல் சரிவோடு அழுத்தப்பட்டுக் கால் வழுக்காமல் பிடிக்கிறது என்றும், பறவைகளின் மூதாதைகள் பறக்கக் கற்றதற்கு இதுவே முதற்படியாக இருந்திருக்கக்கூடும் என்றும் 2003-ஆம் ஆண்டில் எழுதினார். அந்தக் கருத்தை ஏற்பவரும் மறுப்பவரும் உண்டு. நம்மூர்க் கரைமேட்டிலும் அந்த ஓட்டத்தைக் கண்ணால் காணலாம் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

இந்த உள்வாய்க்கு இப்போது வந்திருக்கும் பெரிய சோதனை சீமைக் கருவேலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நிய தேசத்திலிருந்து கொண்டுவரப்பட்டு, விறகுக்கும் வேலிக்கும் கரிமூட்டத்துக்கும் உதவிய இம்மரம் இன்று விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களின் கண்மாய்களைக் காடாக மூடிவிட்டது. கரிமூட்டத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் அநேகம் இருப்பதால் அதை வெறும் பகையாகவும் சொல்லத் துணியேன். ஆனால் அது அடர்ந்த இடத்தில் அடியில் புல் நிற்பதில்லை, வெறுந்தரைதான். ஆங்காங்கே சிதறி நிற்கும் முட்புதர் கவுதாரிக்கு நிழலும் இரவுத் தங்கலும் தருவது உண்மையே. இடைவெளி அற்று மூடிய முட்காடு அதற்கு எதுவும் தருவதில்லை. மயிலுக்கோ அப்படியன்று. நான்கு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆண்மயில் முட்காட்டில் பகலை ஒதுங்கிக் கழித்து, காலையும் மாலையும் அயல்வயலில் இறங்கிக் கடலையையும் மிளகாயையும் கொத்திவிட்டு, இரவில் உயர்ந்த மரம் ஏறிவிடும். இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-இல் வெளியான தேசிய அறிக்கை, மயிலின் தொகை நாடு முழுவதும் வேகமாகப் பெருகியிருப்பதைக் காட்டுகிறது. ஒரே குடும்பத்தில் ஒன்று பெருகுவதும் மற்றொன்று ஒதுங்குவதும் முருகனின் அருளாலோ சட்டத்தின் அட்டவணையாலோ மட்டும் நிகழ்வதன்று. எந்த உயரத்தில் எந்த மறைவிடம் மிஞ்சியிருக்கிறது என்பதே அதைப் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது.

கண்மாய் மராமத்துக்கென்று அரசாங்கம் பணம் ஒதுக்கும்போதெல்லாம், பெரும்பாலும் கோடையிலேயே, நீர் வற்றிய உள்வாயில் எந்திரங்கள் இறங்குகின்றன. தூர் எடுப்பது அவசியம். விவசாயிக்கு நீர் வேண்டும். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. முட்காட்டை அகற்றுவதும் நல்லதே. ஆனால் எந்திரம் முள்ளோடு சேர்த்துக் கோரையையும் அறுகையும் நாட்டுக் கருவேலத்தின் கன்றுகளையும் வழித்து எறிந்துவிட்டு, கரையிலிருந்து எதிர்க்கரை வரை ஒரே மண்தளமாக விட்டுப் போகிறது. கவுதாரி முட்டையிட்டிருக்கும் அதே மாதங்களில் இது நடக்கிறது. வேலையைத் திட்டமிடும் பொறியாளர்கள், மடைப்பக்கத்து ஆழத்தில் தூரை எடுத்துக்கொண்டு, எதிர்ப்புறத்து மேட்டில் நீர் வந்து சேரும் விளிம்பை மட்டும் புல்லோடு விட்டுவைக்கலாம். அந்த மேட்டில் மண் எடுப்பதால் நீர்க்கொள்ளளவு பெரிதாகக் கூடிவிடப்போவதும் இல்லை. வரத்துக்கால் கொண்டுவரும் வண்டலை அந்தப் புல்லே வடிகட்டி நிறுத்துவதால், கண்மாய் மறுபடியும் தூர்ந்துபோவதும் தாமதப்படும். பழைய மடைக்காரர்கள் உள்வாயின் மேட்டுப்புறத்தில் ஆடுமாடு மேய விட்டார்களே தவிர, அதை ஒருபோதும் மொட்டையாக வழித்ததில்லை.